மீட்டர் ஓடுது சார்!

சென்னையில் இரண்டு விதமான மீட்டர்கள் உண்டு. ஒன்று ஆட்டோவில் இருப்பது. என்ன கெஞ்சினாலும் ஓடாது. இன்னொன்று மண் தோண்டுகிற வண்டியில் இருப்பது. என்ன கெஞ்சினாலும் நிற்காது. முதல் மீட்டரைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த வண்டியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் மனையில் நின்றுகொண்டு குட்மார்னிங் சொல்லும். நாலு டயர், முன்னால் ஒரு பெரிய முறம், பின்னால் ஒரு நீளக் கை என்று இருந்தால் அது 'ஜே.சி.பி.' எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் சரி. டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஊர்ந்தால் 'ஹிட்டாச்சி'. அதையும் எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் சரி. பேப்பர்காரர்களுக்கு மட்டும் இரண்டுமே 'பொக்லைன்'. (வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன ஊர் இது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.)

இந்தப் பக்கத்தில் இவற்றுக்கு வேலைப் பஞ்சமே கிடையாது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கிற வெளிவட்டச் சாலை வந்தது. அதன் இரண்டு பக்கமும் மனை போட்டார்கள். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிக்கு டைடல் பார்க் திறந்தார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26 கிலோமீட்டர் மெட்ரோ என்றார்கள். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் விட்டார்கள். மின்சார ரயில், துளிப் புகை கிடையாது. ஆனால் அந்தப் புகையில்லாத ரயிலுக்குத் தூண் நட்டு முடிப்பதற்குள் குமணன்சாவடிக்கும் போரூருக்கும் நடுவே டூவீலரில் ஆபீஸ் போனவர்கள் குடித்த புகை இருக்கிறதே... அவர்களுக்கு ஆயுசு முழுக்க ஃப்ரீ பாஸ் கொடுத்தாலும் தகும்.

டீசல் புகை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவடியில் 1961-ல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து 'விஜயந்தா' உருண்டு வெளியே வந்தது. டி-72 டாங்கிக்கு 780 குதிரைசக்தி டீசல் என்ஜினையே ஆவடியில் செய்கிறார்கள். அந்த டாங்கியில் ஒரு தந்திரம் உண்டு. எதிரி பார்த்துவிட்டான் என்றால், டிரைவர் ஒரு ஸ்விட்சைத் தட்டுவார். சூடான புகைபோக்கிக்குள் டீசல் பீய்ச்சி அடிக்கும். அடுத்த நிமிஷம் வெள்ளைவெளேரென்று ஒரு புகைத் திரை எழும்பி டாங்கியை மறைத்துவிடும். யுத்த காலத்து ஏற்பாடு. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட வந்த வண்டி இதை எந்த ஸ்விட்சும் தட்டாமல், எந்த எதிரியும் இல்லாமல், காலை ஏழு மணிக்கே செய்து காட்டியது.

புகையில் கலர் உண்டு. பழைய மெக்கானிக்குகள் டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல் புகையைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார்கள். கறுப்பாக வந்தால் அஜீரணம். டீசல் ஜாஸ்தி, காற்று கம்மி. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை நாசில் தேய்ந்து டீசலைத் தூவாமல் சொட்டவிடும். அதுவும் இல்லையென்றால், 'வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று யாரோ ஒரு புண்ணியவான் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றி வைத்திருப்பார். நீலமாக வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. (குடிக்கிற கேஸ் என்றால் செலவு ஜாஸ்தி. வண்டிக்கும்தான்.) வெள்ளையாக வந்து, சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் டீசல் பற்றாமலே வெளியே போகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது.

இதில் கறுப்புத்தான் வில்லன். அந்தக் கரித்தூள் ஒவ்வொன்றும் தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் இருக்கிற முடி, தொண்டையில் இருக்கிற சளி எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு நுரையீரலின் அடித்தளம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012 ஜூனில் டீசல் புகையை முதல் வகுப்பில் சேர்த்தது. முதல் வகுப்பு என்றால் 'வரலாம்', 'சந்தேகம்' என்கிற கதையெல்லாம் இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை மட்டும் இருக்கிற வகுப்பு. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சிகரெட்டை நீங்களாகப் பற்றவைக்க வேண்டும். இது தானாக வரும்.

'ஏம்ப்பா, இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?' என்று கேட்பீர்கள். உண்டு. அதில்தான் வேடிக்கை. மண் வண்டிகளுக்கான புகை விதி இந்தியாவில் 2007-ல் ஆரம்பித்தது. 2011-ல் இன்னொரு படி, 2021 ஏப்ரலில் இன்னொரு படி, 2025 ஜனவரியில் ஐந்தாவது படி. ஒவ்வொரு படியும் நிஜமாகவே பெரிய படி. ஜே.சி.பி. அளவு என்ஜின் ஒரு யூனிட் வேலை செய்தால் (உங்கள் வீட்டு கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்) 2011 விதிப்படி 0.4 கிராம் கரித்தூள் கக்கலாம். இப்போதைய விதிப்படி 0.015 கிராம்தான். இருபத்தாறில் ஒரு பங்கு! கை தட்ட வேண்டிய விஷயம், தட்டுவோம்.

தட்டி முடித்தாயிற்றா? இப்போது இரண்டு ஓட்டைகளைப் பார்ப்போம்.

முதலாவது, இந்த விதியெல்லாம் புதிதாகச் செய்கிற வண்டிக்குத்தான். 2006-ல் வாங்கிய வண்டிக்கு எந்த விதியும் பிறக்கவே இல்லை. அது இன்னும் ஓடுகிறது. மண் வண்டி லேசில் சாகாது சார். என்ஜினை இரண்டு தடவை இறக்கி ஏற்றியிருப்பார்கள். புதுசாக இருந்தபோது நகரத்துக்குள் பெரிய கம்பெனி சைட்டில் ஜம்மென்று வேலை பார்த்திருக்கும். கொஞ்சம் வயசானதும் கைமாறி பூந்தமல்லிக்கு வரும். இன்னும் தளர்ந்தால் திருமழிசை, திருநின்றவூர். ரிடையரானவர்கள் புறநகரில் மனை வாங்கிக் குடிவருகிற அதே ரூட்.

இரண்டாவது ஓட்டைதான் எனக்குப் பிடித்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'கட்டுமான வண்டி' என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ரப்பர் டயர் இருக்க வேண்டும், அல்லது ரப்பர் பட்டை இருக்க வேண்டும், அல்லது ரோடு ரோலர் மாதிரி இரும்பு உருளை இருக்க வேண்டும். சரி, இரும்புச் சங்கிலியில் ஊர்கிற நம்ம ஹிட்டாச்சி? அது இந்த விளக்கத்துக்குள் வரவே வராது. சட்டத்தின் பார்வையில் அது வண்டியே இல்லை! நம்பர் பிளேட் கிடையாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. சைட்டுக்கு சைட் டிரெய்லரில் ஏறி மகாராஜா மாதிரி போகும். உங்கள் பழைய ஸ்கூட்டருக்குப் புகை சர்ட்டிபிகேட் இல்லையென்றால் மடக்கிவிடுவார்கள். இருபது டன் எடையுள்ள ஒரு ஜந்து கரியைக் கக்கிக்கொண்டு நிற்கும், அதனிடம் போய் 'பேப்பரைக் காட்டு' என்று கேட்க ஆளில்லை.

சரி, விதி இல்லாவிட்டால் போகிறது. சொந்தக்காரருக்கே அக்கறை வராதா? கறுப்புப் புகை என்பது எரியாமல் வெளியே போகிற டீசல்தானே? லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிற சரக்கை ஆகாசத்துக்குத் தாரை வார்க்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. விடையைச் சொன்னவர், சாக்கடைப் பள்ளத்துக்கு வந்த வண்டியின் ஆபரேட்டர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கலாம். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வண்டி நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி தோண்டவில்லை. ஆனால் என்ஜின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி, வேலைதான் நடக்கலையே, எதுக்கு ஓட விட்டிருக்கீங்க?"

"லாரி வரணும் சார். மண்ணு ஏத்தணும்."

"வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணி வைக்கலாமே?"

சிரித்தார். "ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது சார். பேட்டரி டவுனு. மொதலாளிகிட்ட ரெண்டு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"இந்தப் புகை உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"ராத்திரி துப்புனா கறுப்பா வருது சார். காலைல சரியாப் பூடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அதுவும் இல்லாம... மீட்டர் ஓடுதுல்ல சார்?"

மீட்டர்! ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி. அவர் மீட்டர் என்று சொன்னது அதைத்தான். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணுகிற மீட்டர். வாடகை அந்தக் கணக்கில்தான். என்ஜின் தோண்டினாலும் ஒரு மணி, சும்மா நின்றாலும் ஒரு மணி. ஆபரேட்டருக்கு பேட்டாவும் பல இடங்களில் இந்த மணிக் கணக்கில்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள், சின்னக் கணக்கு. ஜே.சி.பி. வேலை செய்கிற மணிக்கு ஐந்தாறு லிட்டர் டீசல் குடிக்கும். சும்மா உறுமிக்கொண்டு நிற்கிற மணிக்கு சுமார் இரண்டு லிட்டர். வாடகை இரண்டுக்கும் ஒன்றே. டீசல் பெரும்பாலும் வண்டிக்காரர் பொறுப்பு. அப்படியானால் அவருக்கு எந்த மணி லாபமான மணி? தோண்டுகிற மணியா, நிற்கிற மணியா? நிற்கிற மணிதான்! வண்டி தேயாது, டயர் தேயாது, டீசல் பாதிகூட ஆகாது, முழு வாடகை. பேட்டரி டவுனாக இருப்பது அவருக்கு ஒரு குறையே இல்லை, வருமானம்.

பெரிய வேலைகளில் ஏற்பாடு வேறு மாதிரி. ஹிட்டாச்சியை மாச வாடகைக்கு விடுவார்கள். 'வண்டி எங்களது, டீசல் உங்களது.' அங்கே நாசில் தேய்ந்து மணிக்கு இரண்டு லிட்டர் கூடுதலாகப் போனால் யார் தலையில்? வாடகைக்கு எடுத்தவர் தலையில். நாசிலை யார் மாற்றவேண்டும்? வண்டிக்காரர். அவர் ஏன் மாற்றுகிறார்? மாமியார் வீட்டுக் குழாய் ஒழுகினால் மாப்பிள்ளை எழுந்து மூடுவாரா?

ஆக, டீசலுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர். என்ஜினைக் கவனிக்க வேண்டியவர் இன்னொருவர். புகையைக் குடிக்கிறவர் மூன்றாமவர். இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாத அளவுக்கு அந்த வாடகைச் சீட்டை எழுதிவைத்திருக்கிறார்கள். பழைய என்ஜின் புகைக்கிறது என்கிறோம். என்னைக் கேட்டால் பாதிப் புகை அந்தச் சீட்டிலிருந்துதான் வருகிறது.

மீதிப் பாதிக்கு வைத்தியம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் டீசலைப் பற்றி ஒரு நல்ல சேதி. 1990-களின் ஆரம்பத்தில் நம் ஊர் டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். அதாவது கிலோவுக்கு 10 கிராம். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க, கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்தப் பழைய கந்தக டீசலில் புகைவடிகட்டி மாட்டியிருந்தால் அதன் ரசாயனப் பூச்சு சீக்கிரமே செத்துப்போயிருக்கும். இன்றைக்கு திருமழிசை பங்க்கில் கிடைக்கிற டீசலில் தாராளமாக மாட்டலாம். பால் சுத்தமாகிவிட்டது, பாத்திரம்தான் பாக்கி.

வடிகட்டி ஒன்றும் பெரிய வித்தையில்லை. பாட்டி கண்மை செய்கிறபோது விளக்கெண்ணெய் தீபத்துக்கு மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பாளே, கரியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அதே யோசனை. தட்டுக்குப் பதில் தேன்கூடு மாதிரி துளைத்துளையாக ஒரு பீங்கான் கட்டி. ஒவ்வொரு துளைக்கும் ஒரு பக்கம்தான் வாய் திறந்திருக்கும், மறுபக்கம் அடைப்பு. புகை உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் புகுந்து அடுத்த துளை வழியாக வெளியே வரும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆல்ப்ஸ் மலையில் சுரங்கம் குடைய இறங்கிய சுவிட்சர்லாந்துக்காரர்கள், உள்ளே வேலை செய்கிறவன் புகையில் மூச்சு முட்டுகிறானே என்று 1990-களிலேயே பழைய மண் வண்டிகளில் மாட்டிப் பார்த்து நிரூபித்த சமாசாரம் இது. லண்டன் மாநகரம் 2015 செப்டம்பரிலிருந்து, பெரிய சைட்டுகளில் பழைய என்ஜின் வண்டி நுழையவே கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. நம் நாட்டிலேயே, டில்லி சுற்றுவட்டாரத்தில் 2023 அக்டோபரிலிருந்து பெரிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு இப்படி ஏதாவது மாட்டு, இல்லை டீசலோடு கேஸும் சேர்த்து ஓட்டு என்று உத்தரவு. டில்லி ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள், ஜெனரேட்டர் கரியைப் பிடித்து எழுதுகிற மையே செய்து காட்டினார்கள். பாட்டி இருந்திருந்தால் காப்புரிமை கேட்டிருப்பாள்.

ஆனால் கரி சேர்ந்துகொண்டே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு புகை நல்ல சூடாக வரவேண்டும். கரி தானாக எரிய 600 டிகிரி, ரசாயனப் பூச்சு இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி. வண்டி மும்முரமாகத் தோண்டினால் இந்தச் சூடு வந்துவிடும். லாரிக்காகக் காத்து நின்று உறுமிக்கொண்டிருந்தால்? வராது. வெதுவெதுப்பான புகை, எரியாத கரி, நாலு நாளில் வடிகட்டி மூச்சுமுட்டி நிற்கும். ஆயில் குடிக்கிற என்ஜினில் மாட்டினாலோ இன்னும் மோசம். ஆயில் சாம்பல் எரியவே எரியாது. அதனால் முதலில் நாசிலையும் பம்ப்பையும் சரிபண்ணி, ஏர் ஃபில்டரை மாற்றி (டயரில் தட்டித் தூசி உதறுவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை, ஃபில்டர் தாள் கிழிந்துவிடும்), வீணே ஓடுவதை நிறுத்தி, அதற்கப்புறம்தான் வடிகட்டி. அதன் விலையும் லேசுப்பட்டதில்லை. இருபது வருஷ வண்டிக்குப் போடுவது, கிழவருக்குத் தங்கப் பல் கட்டுகிற மாதிரி. எனவே எல்லா வண்டிக்கும் மாட்டு என்று நான் சொல்லமாட்டேன். பத்து வருஷம் இன்னும் உழைக்கப்போகிற பெரிய ஹிட்டாச்சிக்கு மாட்டலாம். 2006 மாடலுக்கு எடைக்குப் போடுகிற கடைதான் கதி.

கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. 2008-லிருந்து அமலில் இருக்கிறது. மண் வண்டி எதுவாக இருந்தாலும், வேலையில்லாமல் ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்ஜின் ஓடக்கூடாது. இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். பட்டாபிராம், வேப்பம்பட்டு பக்கம் சின்னச் சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூர்ல அஞ்சு நிமிஷம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாதா சார்? லாரிக்காரன் காலைல இருந்து அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னுதான் சொல்றான்!"

நியாயம்தான். ஆனால் அவர் வேறு ஒரு காரியம் செய்திருக்கிறார். போன வருஷத்திலிருந்து மணிக் கணக்கை நிறுத்திவிட்டாராம். அஸ்திவாரத்துக்கு இத்தனை அடி நீளம், இத்தனை ஆழம், மொத்தம் இவ்வளவு ரூபாய். மண் வெளியே போகவேண்டும் என்றால் லோடுக்கு இவ்வளவு. மீட்டரை அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் கிடையாது, பில் எகிறுகிறதே என்கிற வயிற்றெரிச்சல்தான் என்று அவரே சொன்னார். முதலில் வண்டிக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள். 'கட்டுப்படியாவாது சார்' என்று ஒரு வாரம் வராமலும் இருந்து பார்த்தார்கள். பிறகு வந்தார்கள்.

"இப்ப எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"லாரி லேட்டுன்னா தானா ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க சார். ஆச்சரியம் என்னன்னா, ஸ்டார்ட்டே ஆவாதுன்னு சொன்ன வண்டிக்கெல்லாம் அந்த வாரமே புது பேட்டரி வந்திடுச்சு."